மாணாக்கர் ஆற்றுப்படை
(புள்ளிக்கு அப்பாலான புலமைப்பரிசில்கள்)

புலமைப்பரிசில் என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் நம் மாணாக்கர் மனத்தில் இருவர் உருவமே தோன்றுகின்றது. ஒருவன் பரீட்சையில் முதல்வனாய் நிற்பவன். மற்றவன் விளையாட்டரங்கில் முதல்வனாய் ஓடுபவன். இவ்விருவருமல்லாத பெருந்தொகையினர், 'அது நமக்குரியதன்று' எனத் தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றனர். இத்தீர்ப்புப் பிழையானது. இப்பிழையினால் கல்வியை இடையில் விட்டவரும் உளர். ஆகலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பிழைக்கு ஒரு காரணம் சொல்லிலேயே உள்ளது. முன்னாளில் இதனை உபகாரச் சம்பளம் என வழங்கினர். அப்பெயரில் உதவி என்னுங் கருத்து முன்னின்றது. புலமைப்பரிசில் என்னும் பெயரிலோ புலமை முன்னிற்கின்றது. ஆயினும் பரிசில் என்பதன் பழைய வரலாறு வேறு. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கினும், பரிசில் பெற்று மீள்வோன் வறுமையுற்று எதிர்வருவோனைக் கண்டு, இன்ன வழியே சென்று இன்னானை அடைவாயாக என வழிப்படுத்துகின்றான். பரிசிலுக்கு வேண்டியவை மூன்று என்பது இதனாற் புலனாகும்: தேவை, கொடுப்போன், வழியறிந்து கூறுவோன். இம்மூன்றாவதே இன்று நம்மிடம் அருகியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவனொருவன், நடுத்தரமான பெறுபேற்றுடன் பல்கலைக்கழக அனுமதி பெற்றான். தந்தை கடற்றொழிலாளி, வீட்டில் இளையோர் மூவர். உதவிப்பணத்திற்கு விண்ணப்பித்தாயா என்று யான் வினவியபோது முடிவுத் திகதி கடந்து பதினொரு நாளாயிற்று. "நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, சேர், அந்தக் காசு கெட்டிக்காரருக்குத்தானே?" என்றான். இரண்டாம் பருவம் தொடங்குமுன் அவன் ஊர் திரும்பிவிட்டான். உரிய காலத்தில் அவனை வினவாமை எனது குறையே. இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணம் அக்குறையே என்க.

உலக வரலாற்றை நோக்கினும், கல்வி உதவி புள்ளியொன்றையே பற்றி நின்றதில்லை. ஐசாக் நியூற்றன் 1661 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தது ஏவற்பணி செய்து கட்டணச் சலுகை பெறும் எளிய மாணவர் வகுப்பிலேயாம். கணிதமேதை இராமானுசனோ கும்பகோணம் கல்லூரியிற் பெற்ற உதவிப்பணத்தை ஏனைய பாடங்களிற் சித்தியடையாமையால் இழந்தார். பின்னர் தம் கணிதக் குறிப்பேடுகளைக் கையிலேந்திப் பெரியோர் பலரை நேரிற் கண்டார். அவர்தம் பரிந்துரைகளின் பயனாக 1913 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாவாக இரண்டாண்டு ஆராய்ச்சி உதவி வழங்கிற்று. இராமானுசன் மேதை, நாம் மேதையரல்லேம் எனலாம். ஈண்டுக் கொள்ளவேண்டியது அவர் மேதைமையன்று. பரீட்சைப் பெறுபேறு அடைத்த கதவை விண்ணப்பமும் பரிந்துரையும் திறந்தன என்பதேயாம்.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவாம். 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் கற்பித்தற் கட்டணம் பெருஞ் சுமையாக இல்லை. தங்குமிடம், உணவு, போக்குவரத்து, நூல் என்பனவே சுமைகள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையே இச்சொல்லை நம் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகஞ் செய்வது. அதனாற் புள்ளியே எல்லாம் என்னும் எண்ணம் பத்து வயதிலேயே வேரூன்றுகின்றது. ஆயினும் அப்பரீட்சையிலும் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். உதவிப்பணமும் குறைந்த வருமானமுடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே உரியது.

பல்கலைக்கழக மட்டத்தில் முதன்மையானது மகாபொலப் புலமைப்பரிசில். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி இந்நிதியம் தோன்றியது. இதில் இருவகை உண்டு. ஒன்று திறமை பற்றியது. மற்றது பெற்றோர் வருமானமும் குடும்ப நிலைமையும் பற்றியது. பின்னதைப் பெறுதற்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டும், முதலிடம் வேண்டுவதில்லை. அவ்வனுமதியுந்தான், விஞ்ஞானம், வணிகம் முதலிய துறைகளில், 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளது. மகாபொல கிட்டாதோருக்கு மாணவர் உதவிப்பணம் என வேறொன்றுண்டு. 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவிப்பணத்தை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்துவதாக அறிவித்தது. இத்தொகை முழுச் செலவுக்கும் போதாது; ஆயினும் படிப்பைக் கைவிடுவதற்கும் தொடர்வதற்கும் இடையே நிற்பது பலகால் இவ்வளவினதாகிய தொகையே.

பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோர் செய்வதென்ன? தேசிய கல்வியியற் கல்லூரிகள் மூன்றாண்டுப் பயிற்சி அளிப்பன. முதலிரண்டாண்டு கல்லூரியிலே தங்கிக் கற்றலும், மூன்றாமாண்டு பாடசாலையிற் பயிற்சி பெறலுமாம். பயில்வோருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. புலமைப்பரிசில் என்னும் பெயர் இல்லாமையால் இதனை அவ்வாறு எண்ணுவாரிலர், பயனோ அதுவே. 2017 ஆம் ஆண்டிலே தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம், உயர்தரத்தில் மூன்று பாடங்களினும் சித்தியெய்தியும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதோருக்காக எழுந்தது. இது கடன், பரிசிலன்று. வட்டியை அரசு ஏற்பினும் முதலைத் திருப்பிச் செலுத்துங் கடமை மாணவனுடையதே. இவ்வேறுபாட்டை உணராது கையொப்பமிடலாகாது.

பெற்றோர் தொழில் பற்றிய உதவிகளும் உள. மலையகத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உதவி வழங்குகின்றது; கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அதன் விண்ணப்பங்களை ஏற்கும். இவ்வாறே கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், வங்கி, ஆலய அறநிலையம், ஊர் நலன்புரிச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்பவற்றுட் சில உதவி நிதி வைத்திருப்பதுண்டு. இவை சிறியன, விளம்பரமற்றன, ஆதலின் உரியோர் பலருக்கு இவை தெரிவதில்லை.

தேடும் முறை யாது? மாணவன் முதலில் தன்னையே ஆராயவேண்டும். தன் மாவட்டம், பெற்றோர் தொழில், குடும்ப வருமானம், உடன்பிறந்தார் தொகை, கற்கவிரும்பும் துறை, செய்த சமூகத்தொண்டு, தாய் அல்லது தந்தை இன்மை, உடற்குறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுக. நிதி நிறுவியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்துண்டு. தன் நிலைமையுள் எது யார் கருத்தோடு பொருந்தும் என்று காண்பதே தேட்டத்தின் சாரம்.

அடுத்துச் சான்றுகள். பிறப்பத்தாட்சி, பெறுபேற்றுச் சான்று, கிராம அலுவலர் தந்து பிரதேச செயலாளர் உறுதிப்படுத்தும் வதிவிட, வருமானச் சான்றுகள் ஆகியவற்றைப் பெறச் சின்னாள் செல்லும். விளம்பரம் வந்தபின் ஓடுவோன் பிந்துவான். வருமானத்தை உள்ளவாறே குறிப்பிடுக. பொய் வெளிப்படின் பெற்றதும் போகும், பெயரும் போகும். விண்ணப்பக் கடிதத்தில், 'யான் மிக வறியேன்' என்று புலம்புவதினும், தந்தையின் மாத வருவாய் இவ்வளவு, விடுதிச் செலவு இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று கணக்குக் காட்டுதல் நன்று. பரிந்துரை தரும் ஆசிரியரை இருவாரம் முன்னரே அணுகுக. உதவி பெற்றுத் தருவேன், முன்பணம் கட்டு என்பானை நம்பற்க. கொடுக்க வந்தவன் கேட்கமாட்டான்.

இறுதியாக ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். முதன் மாணவனுக்கு வழிகாட்டப் பலர் உளர். வகுப்பின் நடுவரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பவனுக்கோ ஒருவருமிலர். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில், வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவர் அனைவரையும் ஒருமுறை அழைத்து, 'எதற்கு விண்ணப்பித்தாய்?' என்று கேட்பாராக. உதவி பெற்றுக் கற்றோர் தாம் சென்ற வழியை அடுத்தவனுக்கு எழுதி வைப்பாராக. பரிசில் பெற்றோன் எதிர்வருவோனுக்கு வழி கூறுதல் நம் முன்னோர் வகுத்த அறம். அவ்வறம் நம் கல்லூரியிலே நிலைபெறின், பதினொரு நாள் பிந்தி வருவோன் இனி ஒருவனும் இரான்.