கூரையில் ஓடுவது அணிலா, எலியா?

மீள்குடியேற்றத்தின் பின் வன்னியில் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில், சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியை அடைக்காமலே விட்டவர்கள் பலர். கொடுத்த காசு அதற்குப் போதவில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீடும் அப்படித்தான். அந்த இடைவெளியால் அணில்கள் வந்து, தும்பையும் இலவம்பஞ்சையும் பழந்துணியையும் சேர்த்து முகட்டு வளையோடு கூடு கட்டிவிட்டன.

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போன பிறகு, "அணிலாலும் அந்தக் காய்ச்சல் வருமா?" என்ற கேள்வி எங்கள் ஒழுங்கையில் அடிக்கடி எழுகிறது. கைக்குழந்தை உள்ள வீடுகளில் இந்தப் பயம் இன்னும் கூட.

முதலில் சத்தம் கேட்கும் நேரத்தைக் கவனியுங்கள். அணில் பகலில் நடமாடும் பிராணி. பொழுதுபட்டால் கூட்டுக்குள் அடங்கிவிடும். இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கூரையில் ஓட்டம் கேட்டால் அது அனேகமாக எலி. நம்மவர்கள் பகலில் அணிலைக் கண்ணால் கண்டுவிட்டு, இரவுச் சத்தத்தையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். எலி தப்பிவிடுகிறது.

எலிக்காய்ச்சலை நம் ஊர்களில் பெரும்பாலும் பரப்புவது எலிதான். அதன் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் காலில் புண்ணோடு இறங்கும்போது கிருமி உடலுக்குள் போகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்கக் கூடாது. வயலுக்கு இறங்குவோருக்கு முற்கூட்டியே கொடுக்கும் தடுப்பு மாத்திரையைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

இன்னொரு காய்ச்சலும் இருக்கிறது. பல வருடங்கள் ஆளில்லாமல் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பற்றைகளிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வரும் உண்ணிக்காய்ச்சல்தான் அது. கடித்த இடத்தில் நோவில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் அது மறைந்திருப்பதால் நோயாளிக்கே தெரியாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரைக்கே மாறக்கூடிய வருத்தம். பிந்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே "பத்து நாளைக்கு முதல் வளவு வெட்டினேன்" என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, அணில் கடித்தால்? குட்டியைப் பிடித்து வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள்தான் கூடுதலாகக் கடி வாங்குகிறார்கள். அணில், எலி போன்ற சிறிய பிராணிகளிடமிருந்து மனிதருக்கு விசர்நோய் தொற்றுவது உலகளவிலேயே மிக அரிது. ஆனால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும். ஏற்புவலி ஊசி தேவைப்படலாம். விசர் தடுப்பூசி வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அணிற்கடிக்குப் பதறி ஓடுகிற நாம், தெருநாய்க்குட்டி பல் பட்டதைச் "சின்னக் கீறல்" என்று விடுகிறோம். இந்த நாட்டில் விசர்நோயால் சாகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது நாயிடமிருந்தே வருகிறது.

நோயை விட அணிலால் எனக்குள்ள பெரிய பயம் கரண்ட் வயர். அணிலின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க எதையாவது கொறித்தாக வேண்டும். வயரின் மேலுறையும் அதற்கு ஒன்றுதான். உறை போன வயருக்குப் பக்கத்தில் காய்ந்த தும்புக் கூடு இருந்தால் ஒரு பொறி போதும். எங்கள் வீட்டில் காரணமில்லாமல் ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது. வயரிங் செய்பவர் ஏறிப் பார்த்தபோது கூட்டுக்கு அருகே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அடிக்கடி விழுகிறதென்று ரிப் சுவிட்சைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கும் வீடுகள் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

கூட்டை எடுப்பதானால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். குட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாய் அணில் இரண்டு மூன்று குட்டி போடும். அவை பால் மறக்க ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். குட்டிகளை உள்ளே விட்டு ஓட்டையை அடைத்தால் அவை செத்து நாறும். தாயும் உள்ளே போக வேறு இடத்தைக் கொறிக்கும். வெறுமையான பழைய கூட்டை மூக்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும். தொய்வு உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு கூட்டுத் தூசை விட மோசமானது.

பிறகு இடைவெளியைச் சிறு கண் இரும்பு வலையால் அடையுங்கள். பிளாஸ்ரிக் வலையைக் கொறித்துவிடும். கூரையைத் தொடும் மாங்கொப்பையும் முருங்கைக் கொப்பையும் வெட்டிவிடுங்கள். எலிப்பாசாணம் மட்டும் வைக்காதீர்கள். இராமர் தடவிய முதுகென்று அணிலைக் கொல்லத் தயங்குபவர்கள்கூட எலிக்கென்று நஞ்சு வைக்கிறார்கள். அதைத் தின்பது அணிலாக இருக்கலாம், கோழியாக இருக்கலாம், தவழும் பிள்ளையின் கையிலும் அகப்படலாம். எலிக்குப் பொறி போதும். கோழித் தீனையும் நெல் மூட்டையையும் மூடிய தகரப் பீப்பாவில் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.