ஒரு சொல், பல பொருள்: ‘ரன்’

ஆங்கில வினாத்தாளில் தெரியாத சொல் வந்தால் மாணவர் நின்று யோசிப்பர். தெரிந்த சொல் வந்தால் யோசிக்காமற் கடந்துவிடுவர். புள்ளிகள் பறிபோவது இங்கேதான்.

‘ரன்’ அத்தகைய ஒரு சொல். ‘ஓடு’ என்பதே அதன் பொருள் எனச் சிறுவயதிலேயே கற்றுவிடுகிறோம். ஆனால் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில், வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள் வகுக்கப்பட்டதாக 2011 இல் தெரியவந்தது. பரீட்சைக்கு அவை யாவும் தேவையில்லை. பின்வரும் நான்கு வகைகளையும் நன்கு விளங்கிக்கொள்க.

1. ‘ஓடு’ என்னும் பொருளில்
தமிழில் ஆறு, பஸ், படம் யாவும் ஓடுகின்றன. ஆங்கிலத்திலும் அவ்வாறே.
‘த பஸ் ரன்ஸ் எவ்ரி அவர்’ – மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பஸ் ஓடுகிறது.
ஆயினும் ‘ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்’ எனின், அவனுக்கு மூக்கு வடிகிறது என்பதே பொருள்.

2. செயப்படுபொருளுடன்
‘ஷி ரன்ஸ் டு த ஷொப்’ – அவள் கடைக்கு ஓடுகிறாள்.
‘ஷி ரன்ஸ் த ஷொப்’ – அவள் அந்தக் கடையை நடத்துகிறாள்.
‘டு’ என்னும் சிறுசொல் இல்லாமற்போனதும் பொருள் முற்றாக மாறுவதைக் கவனிக்க.

3. சிறுசொற்களுடன் சேர்ந்து
ரன் அவே – தப்பியோடு
ரன் இன்டு – தற்செயலாகச் சந்தி, மோது
ரன் ஓவர் – வாகனத்தால் மோதி மேலே ஏற்று
ரன் அவுட் ஒஃப் – கைவசமுள்ளது தீர்ந்துபோ
‘வி ஹாவ் ரன் அவுட் ஒஃப் ரைஸ்’ – எங்களிடம் அரிசி முடிந்துவிட்டது. துடுப்பாட்ட வீரர் ஆட்டமிழக்கும் ‘ரன் அவுட்’ வேறு, இது வேறு.

4. பெயர்ச்சொல்லாக
கிரிக்கெட்டில் பெறும் ஓட்டம் ‘ரன்’ ஆகும். ‘இன் த லோங் ரன்’ என்பது ‘நீண்டகால நோக்கில்’ எனப் பொருள்படும்.

பிழை தவிர்க்க
இறந்தகாலத்தில் ‘ரான்’ என வரும். ஆனால் ‘ஹாவ், ஹாஸ், ஹாட்’ ஆகியவற்றின் பின் மீண்டும் ‘ரன்’ என்றே எழுதுதல் வேண்டும். ‘ஹி ஹாஸ் ரான்’ என்பது பிழை. ‘ஹி ஹாஸ் ரன்’ என்பதே சரி. ‘கம், கேம், கம்’ என்பதும் இவ்வாறே அமையும்.

எனவே வாசிப்புப் பகுதியில் ‘ரன்’ வந்தால் மூன்றைப் பார்க்க: எழுவாய் யாது? செயப்படுபொருள் உண்டா? அடுத்துச் சிறுசொல் உண்டா? விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

பயிற்சி: தமிழில் பொருள் எழுதுக.
1. ஐ ரான் இன்டு மை டீச்சர் அட் த மார்க்கட்.
2. ஹர் அங்கிள் ரன்ஸ் அ ஹோட்டல்.
3. வி ஆர் ரன்னிங் அவுட் ஒஃப் டைம்.

விடைகள்:
1. சந்தையில் எனது ஆசிரியரைத் தற்செயலாகச் சந்தித்தேன்.
2. அவளுடைய மாமா ஒரு ஹோட்டல் நடத்துகிறார்.
3. எமக்கு நேரம் முடிந்துகொண்டு வருகிறது.