மூட்டில் நிற்கும் வீடு

கோலகங்சாரில் இருக்கும் இஸ்தானா கெனாங்கான் 1926-இல் எழுந்தது. ஆணி அடிக்காத அரண்மனை என்று அதற்குப் பெயர். தூண், உத்தரம் எல்லாம் தனித்தனியாகச் செய்யப்பட்டு, துளையில் நாக்கைச் செருகிப் பூட்டப்பட்டவை. சுவர் மூங்கில் தட்டி. அரண்மனைக்கு மட்டும் உரிய வித்தை இல்லை இது. மலாய்க் கிராமங்களான கம்பங்களின் பலகை வீடுகளும் இப்படித்தான் நின்றன. குடும்பம் பெருகினால் பின்பக்கம் ஒரு கட்டு சேர்ப்பார்கள். இடம் மாற வேண்டுமென்றால் வீட்டைக் கழற்றி எடுத்துப்போய் வேறிடத்தில் பூட்டுவார்கள்.

இன்று மாடுலார் வீடு என்று பேசப்படுவது இதற்கு நெருங்கிய உறவு. மனையில் நின்று கல்மேல் கல் வைத்துக் கட்டாமல், சுவரையும் தரையையும், சில சமயம் குளியலறையோடு ஒரு முழு அறையையுமே ஆலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து பொருத்துவது. மலேசியாவில் இந்த வகைக் கட்டுமானத்தை ஐ.பி.எஸ்., அதாவது தொழில்மயக் கட்டுமான முறை, என்பார்கள். இதன் அளவு முறை எளிமையானது. அடிப்படை அலகு 100 மில்லிமீட்டர். கதவு, ஜன்னல், சுவர் எல்லாம் அதன் மடங்கில் வரும். அறையின் நீள அகலத்துக்கு 300 மில்லிமீட்டரின் மடங்கு. கதவு செய்பவரும் சுவர் செய்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே செய்தாலும் இரண்டும் பொருந்தும். முழு அறையாகச் செய்தால் அதன் அகலத்தை ஆர்க்கிடெக்ட் மட்டும் முடிவு செய்ய முடியாது, சாலையும் சேர்ந்து முடிவு செய்கிறது. லாரிக்கு அனுமதித்த அகலம் 2.5 மீட்டர்தான்.

ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக என்றதும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தொழிலாளர் வரிசை வீடான லயம்தான் கண்முன் வரும். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் லயத்தின் குற்றம் அது ஒரே மாதிரி இருந்ததில் இல்லை என்பது என் எண்ணம். இடம் போதவில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சு தடுப்பைத் தாண்டி வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் வேலை போனால் வீடும் போனது. பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது, பேராக் தோட்டங்களிலிருந்து ஈப்போவின் புந்தோங்குக்கும் மற்றப் புறநகர்களுக்கும் வந்தவர்கள் அதை அனுபவித்தவர்கள். அரசின் பி.பி.ஆர். என்ற மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில் மூன்று அறையும் ஏறக்குறைய 700 சதுர அடியும் கிடைக்கும். ஆனால் தோட்டத்தில் இருந்த கத்திரிப் பாத்தியும், மாட்டுக் கொட்டகையும், மாலையில் உட்கார்ந்து பேச ஒரு வாசலும் மாடியில் கிடைக்காது.

ஆலையில் செய்த வீடு மலேசிய ஏழைகளுக்குப் புதிதும் அல்ல. 1964-இல் கோலாலம்பூரின் ஜாலான் பெக்கெலிலிங்கில் டென்மார்க்கின் லார்சன் நீல்சன் முறையில், கான்கிரீட் சுவர்களை வார்த்து அடுக்கி, 17 மாடிக் கட்டடங்களைக் கட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 3,000 வீடுகள். அடுத்து வந்தது பினாங்கு ரைபிள் ரேஞ்ச், பிரெஞ்சு முறையில் 3,699 வீடுகள். இதே டென்மார்க் முறையில் லண்டனில் கட்டிய ரோனன் பாயிண்ட் 1968 மே 16 காலையில் ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. 22 மாடிக் கட்டடம், 18-ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். சுவர்ப் பலகைகள் உடைந்ததால் வந்த விபத்தில்லை. ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும் அதன்மேல் நின்றவற்றைப் பிடித்துக்கொள்ளும் வலு மூட்டுகளில் இல்லை. பல நாடுகளின் கட்டட விதிகளை அந்தக் காலை மாற்றியது.

பெக்கெலிலிங் கட்டடங்கள் சரியவில்லை. பல பத்தாண்டுகள் குடும்பங்களைத் தாங்கிய பிறகே இடிக்கப்பட்டன. ஆனால் நம் ஊரில் மூட்டுக்கு இன்னொரு எதிரி உண்டு, மழை. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் அடைக்கும் பசை வெயிலில் காய்ந்து சுருங்கும். பிற்பகல் இடிமழையில் காற்று தண்ணீரை அந்தக் கீறலுக்குள் தள்ளும். உள்ளே போன தண்ணீர் கம்பியைத் துருவாக்கும். அதனால் நல்ல வடிவமைப்பு பசையை மட்டும் நம்பாது. மேல் பலகையின் விளிம்பு கீழ்ப் பலகைமேல் ஓடுபோல் கவிந்திருக்கும், பின்னால் ஒரு காற்றிடம் இருக்கும், புகுந்த நீர் வடிந்து வெளியேற வழி இருக்கும். அகலமான தாழ்வாரம் இருந்தால் பாதி மழை சுவரை எட்டவே எட்டாது. ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகளின் முன் ஓடும் அஞ்சடி என்ற கூரையிட்ட நடைவழி செய்வதும் அதுதான், நிழலும் பேச்சும் உபரி லாபம்.

ஈப்போவுக்கு மண்ணும் ஒரு பிரச்சினை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய சுரங்கக் குழிகளான லம்பங்களை மூடிய நிலத்தில் சேறு படிந்த இடங்கள் உண்டு. அங்கே கனமான வீட்டுக்கு ஆழமாகப் பைல் இறக்க வேண்டும், மலிவு விலை வீட்டின் காசு அந்தக் குழியிலேயே போய்விடும். மூன்று மீட்டர் நீளச் சுவரைக் கான்கிரீட்டில் வார்த்தால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதே அளவை மரச்சட்டத்தில் பலகை அடித்துச் செய்தால் ஏறக்குறைய இருநூறு கிலோ. நாலைந்து ஆட்கள் தூக்கி நிறுத்திவிடலாம்.

அந்த மரம் பால்மரமாகவே இருக்கலாம். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளின் இனம்தான். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்தபின் வெட்டுகிற மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, அழுத்தத்தில் போரான் உப்பு ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது ஏற்றுமதித் தளவாடமானது. சிறு துண்டுகளின் முனைகளை விரல் கோத்ததுபோல் வெட்டி ஒட்டி நீளப் பலகை ஆக்கும் கருவிகள் தளவாட ஆலைகளில் உண்டு. ஆனால் இந்த மரம் மழைக்கும் மண்ணுக்கும் ஆகாது. போரான் தண்ணீரில் கரைந்துவிடும். எனவே உட்சுவருக்கும், வெளியே சிமெந்துப் பலகை போர்த்திய சட்டத்துக்கும் மட்டுமே ஏற்றது. தரையிலிருந்து உயர்த்திய கான்கிரீட் காலும் கறையான் தடுப்பும் கட்டாயம். செம்பனை பரவப் பரவப் பால்மரமும் குறைந்துகொண்டே வருவதை மறக்கக் கூடாது.

எண்ணிக்கையும் கணக்கில் வர வேண்டும். சிங்கப்பூரின் கிளெமெண்ட் கேனப்பி என்ற 40 மாடி இரட்டைக் கட்டடத்துக்கு 1,899 கான்கிரீட் பெட்டி அறைகள் ஜொகூரின் செனாயில் வார்க்கப்பட்டன. அத்தனை எண்ணிக்கை இருந்தால்தான் இரும்பு அச்சுக்குப் போட்ட பணம் திரும்பும். ஒரு தோட்டத்தின் அறுபது குடும்பங்கள் சேர்ந்து கேட்கும் குடியிருப்புக்கு அது கட்டுப்படியாகாது. அச்சு தேவைப்படாத மரச்சட்டமோ மெல்லிய இரும்புச் சட்டமோ அங்கே பொருந்தும்.

வீட்டை முழுதாகக் கட்டித்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. சிலியின் இக்கிக்கே நகரில் ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004-இல் பாதி வீடு கட்டிக் கொடுத்தது. சமையலறை, குளியலறை, படிக்கட்டு, உறுதியான சுவர் என்று ஒரு குடும்பம் தானே செய்துகொள்ளச் சிரமமானவற்றை முடித்துவிட்டு, மீதிப் பாதியைக் காலியாக விட்டார்கள். வசதி வந்தபோது மக்கள் நிரப்பிக்கொண்டார்கள். லயத்தின் பின்னால் தகரம் போட்டுச் சமையற்கட்டை நீட்டிய நம் பாட்டிமாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இக்கிக்கே பாலைவனத்து ஊர், அங்கே மழையே அரிது. ஈப்போவில் காலியாக விடும் பாதிக்குக் கூரையையும் வடிகாலையும் முதல் நாளே போட்டுவிட வேண்டும். பின்னால் வரப்போகும் சுவரைப் பூட்டும் துளைகளைச் சட்டத்திலேயே வெட்டி வைக்க வேண்டும். கூடுதல் அறைக்கான அனுமதியும் முதல் வரைபடத்தோடு சேர்ந்தே ஊராட்சி மன்றத்தில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்துப் பிள்ளைக்குக் கல்யாணம் என்று ஒரு சுவரை நீட்டுகிற குடும்பத்துக்கு மன்றத்திலிருந்து நோட்டீஸ் வரும்.