கழுத்துக் கட்டியும் காத்திருத்தலும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. நாம் எச்சில் விழுங்கும்போது இது மேலேறி இறங்கும். இதில் தோன்றும் கட்டியும் உடன் ஏறி இறங்கும்.

கட்டி என்றாலே புற்றுநோய் என்று நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில், இக்கட்டிகளுள் பத்தில் ஒன்பதுக்குக் குறையாதவை தீங்கற்றவை. ஆகவே, இரத்தச் சோதனையும் ஸ்கேனும் முடிந்தபின், “ஓராண்டு கழித்து வாருங்கள்” என்று மருத்துவர் கூறினால், நம்மைத் தட்டிக் கழிக்கிறார் என எண்ணலாகாது. அதுவும் ஒரு மருத்துவ முறையே.

ஸ்கேனில் கட்டியின் அளவைவிட அதன் தோற்றமே முதலில் ஆராயப்படுகிறது. முழுதும் நீர் நிறைந்தோ, கடற்பஞ்சு போன்றோ இருப்பின் ஊசிச் சோதனை பொதுவாகத் தேவையில்லை. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சிறிதளவே ஐயத்திற்குரிய கட்டி 2.5 சென்டிமீட்டரை எட்டினால்தான் மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதிப்பர். 1.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டு அவ்வளவை எட்டாதிருப்பின், 1, 3, 5ஆம் ஆண்டுகளில் மீண்டும் ஸ்கேன் எடுத்தல் போதும். ஐயம் மிகுந்த தோற்றமாயின் 1 சென்டிமீட்டரிலேயே ஊசிச் சோதனை உண்டு.

எதற்காக இத்தனை நிதானம்? தென்கொரியாவில் நலமாக இருந்தோர்க்கும் கழுத்து ஸ்கேன் பரவலாக எடுக்கப்பட்டது. 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டோர் விகிதம் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறந்தோர் விகிதமோ மாறவில்லை. அறுவைக்கு உட்பட்டோருள் சிலர்க்குக் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது. சிலர்க்கு உடலில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. சுரப்பி முழுதும் அகற்றப்பட்டால் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும்.

எனினும், காத்திருத்தல் வேறு, மறந்திருத்தல் வேறு. வலியில்லாத கட்டியாதலால், ஒரு நாள் சம்பளத்தை எண்ணித் தவணையைத் தவற விடுவோர் உளர். இரு பக்க அளவுகள் 20 விழுக்காடும், குறைந்தது 2 மில்லிமீட்டரும் கூடியிருந்தால்தான் கட்டி வளர்ந்ததாகக் கொள்வர். பழைய அறிக்கை இன்றி இதனை எவ்வாறு ஒப்பிடுவது? தோட்டம் மாறிச் செல்வோர் பிறப்புப் பத்திரத்தோடு அதனையும் சேர்த்து வைத்திடுக. எண்ணெய் தடவி உருவுவதால் கட்டி கரையாது.

குரல் கம்முதல், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுதல், கட்டி விரைந்து பெருத்தல், கழுத்தின் பக்கவாட்டில் வேறு கட்டி தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தவணை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றோரும், குடும்பத்தில் எவர்க்கேனும் தைராய்டு புற்றுநோய் இருந்தோரும் அதனை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கூறிவிடுதல் நலம்.