உறைந்த சினைமுட்டையும் பிற்காலக் கருப்பேறும்

திருச்சானூரைச் சூழ்ந்த கிராமங்களில், பசுக்களின் சினையூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜன் கலத்தில் வைத்துக் கொண்டுவரப்படுவதை மக்கள் அறிவர். மானிட சினைமுட்டையைப் பாதுகாப்பதும் அத்திரவமே. அதன் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேட் ஆகும். அக்குளிரில் உயிரணுவின் மாறுதல்கள் யாவும் நின்றுவிடுகின்றன.

எனினும், விந்தணுவினும் முட்டையை உறையச் செய்தல் கடினம். முட்டை உடலிலுள்ள அணுக்களுள் மிகப் பெரியது, நீர் மிகுந்தது. மெல்லக் குளிர்விப்பின் உள்ளிருக்கும் நீர் பனிப் படிகங்களாகி அணுவைச் சிதைக்கும். ஆதலின், நீரின் ஒரு பகுதியை நீக்கி, காப்பு ரசாயனங்களைச் செலுத்தி, நொடிப்பொழுதில் குளிர்விப்பர். அப்போது படிகம் தோன்றாது, கண்ணாடி போன்ற நிலை உண்டாகிறது.

பாரதத்தில் இத்துறைக்கு வழிகாட்டியவர் கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய. அவர் 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்த கருவைக் கொண்டு 1978 அக்டோபர் 3-ஆம் நாள் ஒரு பெண் மகவு பிறந்தது. அவர் கூற்றை அக்காலத்தில் அரசாங்கக் குழு ஏற்கவில்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பணி பின்னரே மதிக்கப்பெற்றது. கருவுறாத முட்டையை உறையச் செய்து பெற்ற வெற்றியை டாக்டர் கிறிஸ்டோபர் சென் 1986-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்டார்.

இம்முறையின் பயன் யாது? பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் யாவும் அமைந்துவிடுகின்றன. பிறப்பில் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சமாக இருப்பவை பூப்பெய்துங்கால் 3 முதல் 4 லட்சமாகக் குறைகின்றன. 35 வயதிற்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் விரைந்து குன்றுகிறது. இளமையில் எடுத்துவைத்த முட்டையோ, எடுத்த நாளின் வயதிலேயே நிற்கும்.

ஆயினும் தாயின் வயது நிற்பதில்லை என்பதை மறத்தலாகாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, குறைப்பிரசவம் ஆகிய இடர்கள் வயதோடு மிகுகின்றன. உறைந்த முட்டைகள் அனைத்தும் உருகியபின் பிழைப்பதில்லை. பிழைத்தவை யாவும் கருவாவதுமில்லை. எனவே இம்முறை ஒரு வாய்ப்பேயன்றி உறுதியன்று.

2019-இல் ஆந்திரத்தின் குண்டூரில், பிறிதொரு பெண் நல்கிய முட்டையின் துணையால், எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் இரட்டைப் பெண் மகவுகளை ஈன்றார். இச்செய்தி பலருக்கு வியப்பையும் சிலருக்குக் கவலையையும் அளித்தது. 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 21 வயதிற்கு மேலும் 50 வயதிற்குக் கீழும் உள்ள பெண்களுக்கே இச்சிகிச்சையை அனுமதிக்கிறது. சிகிச்சை நிலையங்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் எனவும் விதிக்கிறது.

கிராமத்தில் மகப்பேறின்றி வருந்தும் தம்பதிகள் முதலில் அணுகுவது பெரும்பாலும் சுகாதார ஊழியரையோ ஆசிரியரையோதான். நிலத்தை விற்றுப் பொருள் திரட்டுமுன், நிலையம் பதிவு பெற்றதா, தாயின் உடல்நிலை கருவைத் தாங்குமா என்னும் இரு வினாக்களை எழுப்புமாறு அவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.