வேலை கேட்டதற்கு ரசீது

இந்திய அரசியல் சாசனத்தில் வேலையைப் பற்றிய பேச்சு முக்கியமாக இரண்டு இடங்களில் வருகிறது. அரசுப் பணிகளில் எல்லோருக்கும் சமவாய்ப்பு உண்டு என்கிறது 16ஆம் பிரிவு. அது அடிப்படை உரிமை. மறுக்கப்பட்டால் நீதிமன்றம் போகலாம். வேலை பெறும் உரிமைக்கும், முதுமையிலும் நோயிலும் உதவி பெறும் உரிமைக்கும் அரசு தன் வசதிக்கு உட்பட்டு வழிசெய்ய வேண்டும் என்கிறது 41ஆம் பிரிவு. இது நெறிமுறைக் கோட்பாடு மட்டுமே; 37ஆம் பிரிவின்படி இதை நீதிமன்றம் மூலம் கேட்டுப் பெற முடியாது. வாசலைத் திறந்து வைப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுகிறதா, இலை போட்டுச் சோறும் வைக்க வேண்டுமா என்ற விவாதத்துக்குச் சாசனம் எழுதியவர்கள் கண்ட சமரசம் அது. முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசின் கையில் இருக்கவேண்டும் என்பதைச் சாசனத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று 1947இல் கேட்ட அம்பேத்கருக்கு இது குறைவாகத்தான் பட்டிருக்கும்.

சமவாய்ப்பு போதும் என்போரின் வாதம் லேசானதல்ல. வேலைக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். பணத்துக்கு வரி வேண்டும். அதை எதற்குச் செலவிடுவது என்று ஓட்டு வாங்கி வந்தவர்கள் முடிவுசெய்யட்டும், நீதிபதிகள் அல்ல என்கிறார்கள். ஆனால் பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு வாய்ப்பு எப்படிச் சமமாகும்? காமராஜர் ஆட்சியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவு பரவியதன் நியாயம் அதுதான். 2001இல் உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டபோது, திட்டமாக இருந்தது நாடு முழுவதும் கேட்டு வாங்கக்கூடியதாயிற்று.

வேலையை அப்படி ஆக்கியது, மக்கள் 'நூறு நாள் வேலை' என்று அழைத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம். கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றது அது. கேட்ட 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையில்லாப் படி: முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, பிறகு பாதி. இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கூலியை மத்திய அரசு கொடுத்தது. படியை மாநில அரசு கொடுக்க வேண்டியிருந்தது. வேலை தராத மாநிலத்துக்குத்தான் நஷ்டமாக இருந்தது.

ஆனால் படி கேட்க, வேலை கேட்ட தேதியைக் காட்டும் ரசீது வேண்டியிருந்தது. பல ஊராட்சிகளில் அந்த ரசீதைக் கொடுக்கவே இல்லை. படி வாங்கியவர்கள் மிகச் சிலரே.