நிலக்கரிப் புகையும் சிக்காகோவின் இரு குடியிருப்புகளும்

நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படும் மின்சாரத்தின் பயன் கம்பி வழியே தொலைதூரம் செல்கிறது. அதன் புகையை முதலில் சுவாசிப்பவர்களோ நிலையத்தின் அருகில் வாழும் மக்கள். இந்த அநீதியை ஒரு வட்டார மக்கள் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதற்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இரு பழைய நிலையங்கள்

அந்நகரின் தென்மேற்கே பில்சன், லிட்டில் வில்லேஜ் என இரு குடியிருப்புகள் உள்ளன. மெக்ஸிகோ வழிவந்த உழைப்பாளர் குடும்பங்கள் இங்கே பெருந்தொகையாக வாழ்கின்றன. பில்சனில் பிஸ்க் மின்நிலையம் 1903-ஆம் ஆண்டிலும், லிட்டில் வில்லேஜில் கிராபோர்டு மின்நிலையம் 1924-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புதிய நிலையங்களுக்கு விதித்த கடுமையான வரையறைகள் இத்தகைய பழைய நிலையங்களை அதே அளவில் கட்டுப்படுத்தவில்லை.

நிலக்கரிப் புகையில் சாம்பல் துகள்களுடன் கந்தக டையாக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கலந்துள்ளன. இவ்வாயுக்கள் காற்றில் வேதிமாற்றம் அடைந்து சல்பேட், நைட்ரேட் நுண்துகள்களாகின்றன. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுள்ள துகள்கள் மூக்கில் தடைபடாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. ஆஸ்துமா தூண்டப்படுவதற்கும் இதய நோய் முற்றுவதற்கும் இவை காரணமாகின்றன. இவ்விரு நிலையங்களின் புகையால் ஆண்டுதோறும் 41 அகால மரணங்களும், 550 அவசரச் சிகிச்சைகளும், 2,800 ஆஸ்துமாத் தாக்குதல்களும் நேர்வதாக 2001-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டனர்.

வீடுவீடாக நடந்த பணி

லிட்டில் வில்லேஜ் சுற்றுச்சூழல் நீதி அமைப்பு 1994-இல் உருவாயிற்று. உள்ளூர்ப் பள்ளியொன்றின் பழுதுபார்ப்பு வேலையால் பிள்ளைகளின் உடல்நலம் கெடுமோ என அஞ்சிய பெற்றோர்களே அதனைத் தொடங்கினர். 1998-இல் அதில் சேர்ந்த கிம்பர்லி வாஸர்மன் என்னும் இளந்தாய், தம் கைக்குழந்தைக்கு ஆஸ்துமா கண்டதால் இப்பணியில் ஊக்கம் கொண்டார். வீடுவீடாகச் சென்று விசாரித்தபோது, அண்டை வீடுகள் பலவற்றிலும் அதே துன்பம் இருப்பதை அவர் அறிந்தார்.

தனித்தனி வீட்டுத் துயரம் இவ்வாறு பொதுப் பிரச்சினையாயிற்று. மாசு மிகுந்த இடங்களுக்கு வெளியாரை அழைத்துச் சென்று காட்டினர். பில்சன் மக்கள் அமைப்புடன் கைகோத்தனர். நகர சபையில் சட்டம் இயற்றக் கோரினர். இயற்கை எரிவாயுவின் விலை வீழ்ந்ததால் பழைய நிலக்கரி நிலையங்களின் இலாபமும் அப்போது குறைந்திருந்தது. 2012 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் இரு நிலையங்களும் மூடப்பட்டன. வாஸர்மனுக்கு 2013-இல் கோல்டுமன் சுற்றுச்சூழல் பரிசு வழங்கப்பட்டது. மாசடைந்திருந்த வேறொரு பழைய தொழிற்சாலை நிலம் துப்புரவு செய்யப்பட்டு, மக்களின் நெடுநாள் கோரிக்கைப்படி 2014-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

மூடிய பின் எழுந்த வினா

ஆயினும் சிக்கல் அத்துடன் தீரவில்லை. 2020 ஏப்ரல் 11 அன்று கிராபோர்டு நிலையத்தின் புகைபோக்கி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எழுந்த புழுதி குடியிருப்பின் மீது படர்ந்தது. அது சுவாச நோயான கோவிட் பரவிய காலமுமாகும். அவ்விடத்தில் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று எழுந்தது. சரக்கு லாரிகளின் டீசல் புகை குறித்து மக்கள் மீண்டும் குரலெழுப்ப வேண்டியதாயிற்று. மாசு தரும் ஆலை மறைவது மாற்றத்தின் முதற்பாதியே. அவ்விடத்தில் எது வரவேண்டும் என்பதை முடிவு செய்வதில் அங்கு வாழ்வோருக்குப் பங்கு கிடைப்பதே மறுபாதி. இல்லினாய் மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டம் 2050-க்குள் முழுமையான தூய மின்சாரத்தை இலக்காகக் கொண்டு, மாசினால் நலிந்த வட்டாரங்களுக்கு வேலைப்பயிற்சியும் முதலீடும் சேர வழிசெய்துள்ளது.

இந்திய மின் உற்பத்தியில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியைச் சார்ந்ததே. ஆகவே இவ்வரலாறு நமக்கும் பயன்படும். எந்தத் திசைக்காற்றில் புகை ஊருக்குள் வருகிறது, எத்தனை பிள்ளைகள் மூச்சிரைப்பால் பள்ளிக்கு வரவில்லை என்பவற்றைத் தேதியிட்டுக் குறித்துவைக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆசிரியரின் வருகைப் பதிவேடும் களப்பணியாளரின் குறிப்பேடும் அதற்குப் போதும். முறையாகத் திரட்டிய இத்தகைய குறிப்புகள், ஊராரின் முறையீட்டை ஆராய்ச்சியாளரும் அதிகாரிகளும் செவிமடுக்கத்தக்க சான்றாக்கும்.